அறுபது டன் லோடு

ராசாங்கத்துக்கு எதை எழுதினாலும் தலையில் ஒரு பிள்ளையார் சுழி போட்டாக வேண்டும். கல்யாணப் பத்திரிகை, மளிகைச் சீட்டு என்று ஊரே போடுகிற இடத்தில் போட்டால் யார் என்ன சொல்லப் போகிறார்கள்? இந்த மனுஷன் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுத்தால் அதிலும் போடுவார். ஒரு தடவை லைசென்ஸ் புதுப்பிக்கிற பாரத்தில் பெயர்க் கட்டத்துக்கு மேலேயே 'உ' போட்டு வைக்க, ஆபீஸிலிருந்த அம்மா, "வேற பாரம் எழுதிட்டு வாங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டது. வேறு பாரம் வாங்கினார். அதிலும் போட்டார், கொஞ்சம் சின்னதாக.

ஆண்டிமடத்துக்காரர். ரெட்டிபாளையம் பக்கம் இருபத்தேழு வருஷம் சுண்ணாம்புக்கல் டிப்பர் ஓட்டினவர். கல் ஏற்றிக்கொண்டு ஃபேக்டரிக்குப் போவார், கொட்டிவிட்டுக் குழிக்குத் திரும்புவார், அவ்வளவுதான் பிழைப்பு. அம்பத்தாறு வயசில் இடது முழங்கால் கிளட்ச்சை மிதிக்க மாட்டேன் என்று அடம்பிடித்துவிட்டது. வண்டியை விட்டு இறங்கி வீட்டோடு உட்கார்ந்தார். உட்கார்ந்த இடத்திலும் வலது கால் பிரேக்கைத் தேடும். "தரைய மிதிச்சு மிதிச்சு சிமெண்ட்ட பேத்துடாதீங்க" என்பாள் பெண்டாட்டி சிந்தாமணி. அவள் வாய்க்குப் பயந்து காலைச் சம்மணம் போட்டுக்கொள்வார்.

ஒரே மகன் தமிழ்மாறன். மஸ்கட்டில் ஒரு பைப் குடோனில் ஸ்டோர் கீப்பர். போன வருஷம் லீவில் வந்தவன் அப்பன் கிடக்கிற கிடையைப் பார்த்துவிட்டு ஒரு கம்ப்யூட்டரும், அதில் மாட்டுகிற ஸ்டியரிங்கும், ரெண்டு பெடலும் வாங்கிப் போட்டு, லாரி ஓட்டுகிற கேம் ஒன்றையும் ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனான். கிளட்ச் இல்லாத வண்டி. அதில் விசேஷம் என்னவென்றால் அவன் அங்கே ஒரு லாரி, இவர் இங்கே ஒரு லாரி, ஆனால் ரெண்டும் ஒரே ரோட்டில் முன்னும் பின்னுமாகப் போகும். காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு பேசிக்கொண்டே ஓட்டலாம். அங்கே வெள்ளிக்கிழமை லீவு. அதனால் வெள்ளிக்கிழமை நாலு மணி அப்பனுக்கும் மகனுக்கும் டியூட்டி டைம்.

இந்த ரெண்டு பேருக்கும் போனில் பேச வராது. "சாப்டியா?" "சாப்ட்டேன்." "வெயிலா?" "வெயில்தான். அம்மாகிட்ட குடுங்க." அவ்வளவுதான், முடிந்தது. ஆனால் அந்த லாரியில் ஏறிவிட்டால் அதே பையன் மேனேஜர் கத்தினதையும், ரூம்காரன் குறட்டையையும், சின்ன வயசில் டிப்பரில் ஏறி வந்து தூங்கிப்போனதையும் மடை திறந்த மாதிரி கொட்டுவான். எதிரே ரோட்டைப் பார்த்துக்கொண்டு பேசுவதால் வருகிறதோ என்னவோ. ராசாங்கத்துக்கு அந்த ஒரு மணி நேரம்தான் வாரம்.

ஒரு மணி நேரம் என்று சும்மா சொல்கிறோம். நாற்பது நிமிஷம்கூட ஆகாது. நல்ல ரோடு, காற்று மாதிரி வண்டி, சடுதியில் ஊர் வந்துவிடும். "சரிப்பா, வெச்சிடட்டுமா?" என்பான். அந்த வார்த்தையைக் கேட்ட பிறகும் அவர் ஸ்டியரிங்கை விடாமல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

திங்கட்கிழமை தமிழ்மாறன் போன் பண்ணினான். "அப்பா, வெள்ளிக்கிழமை லாரில ஏறுனதும் ஒரு சேதி சொல்றேன். போன்ல வேணாம்" என்றான். வேலைக்கு ஏதாவது ஆபத்தா, உடம்புக்கு ஏதாவதா என்று ராசாங்கம் அன்றைக்குச் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தார். எதுவானாலும் அவன் முழுசாகச் சொல்லி முடிக்க நேரம் வேண்டுமே என்று நினைத்தார். அப்போதுதான் அந்த யோசனை உதித்தது. லோடு ஜாஸ்தியானால் வண்டி மெதுவாகத்தானே போகும்?

யூடியூபில் தமிழில் அடித்துத் தேடினார். கேமின் செட்டிங்ஸ் ஃபைலைத் திறந்து லோடு எடையை மாற்றுகிற வித்தையை ஒருத்தர் காட்டினார். செவ்வாய்க்கிழமை காலையில் குளித்துவிட்டு வந்து, ஒரே விரலால் தட்டித் தட்டி இருபத்திரண்டு டன்னை அறுபது டன்னாக்கினார். சேவ் பண்ணினார். கேமைத் திறந்தால் பொட்டென்று மூடிக்கொண்டது. மறுபடி திறந்தார். மறுபடி மூடிக்கொண்டது. எண்ணைப் பழையபடி இருபத்திரண்டு ஆக்கினார். அப்பவும் மூடிக்கொண்டது.

ஜெயங்கொண்டம் பஸ் ஸ்டாண்டு பக்கம் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிற வெற்றிச்செல்விக்குப் போன் பண்ணினார். "கேம முழுசா எடுத்துட்டு மறுபடி ஏத்திப் பாருங்க ஐயா" என்றாள் அவள். அவர் வீட்டு நெட்டுக்கு அது இறங்க நாலு நாள் ஆகும் என்று கம்ப்யூட்டர் காட்டியது. நாலு நாள் என்றால் வெள்ளிக்கிழமை தாண்டிவிடும். சேதி என்ன ஆவது?

வியாழக்கிழமை காலையில் சிபியூவைப் போர்வையில் சுற்றி பஸ் ஏறினார். அதற்கு ஜன்னலோரம் இடம் பிடித்து உட்கார வைத்து, தான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "யாருங்க அது, நோயாளியா?" என்று கண்டக்டர் கிண்டல் பண்ணினான். "ஆமாம்ப்பா, சீரியஸ்" என்றார்.

வெற்றிச்செல்வி முப்பத்தைந்து வயசுக்காரி. பரபரப்பே கிடையாது. மாட்டினாள், திறந்தாள், கேம் பொட்டென்று மூடிக்கொண்டது.

"என்ன மாத்துனீங்க ஐயா?"

"லோடு மட்டும்தாம்மா. அதையும் பழையபடி வெச்சிட்டேன்."

"வேற எதையும் தொடலயே?"

"சத்தியமா தொடல."

அவள் அந்த ஃபைலின் பெயரை மாற்றி ஓரமாக வைத்தாள். அது இல்லாவிட்டால் கேமே புதுசாக ஒன்றை எழுதிக்கொள்ளுமாம். திறந்தாள். லாரி வந்து நின்றது! ராசாங்கம் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். "இருங்கய்யா, உங்க ஸ்டியரிங் செட்டிங் எல்லாம் பழசுல இருக்கு. அதுல என்ன கோளாறுன்னு பாத்துடுவோம்" என்று பழசையும் புதுசையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்தாள். புது ஃபைல் ஓர் அடைப்புக்குறியில் ஆரம்பித்தது. பழசின் முதல் வரியில், தன்னந்தனியாக, ஓர் 'உ' உட்கார்ந்திருந்தது.

"ஐயா, இது என்னங்க?"

"பிள்ளையார் சுழிம்மா."

"வேற எதையும் தொடலன்னு சத்தியம் பண்ணீங்களே!"

"தொடலயேம்மா." அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. "எழுத உக்காந்தா போடுறதுதானே. அது மாத்துனதுல சேருமா?"

வெற்றிச்செல்வி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அடக்க முடியாமல் எழுந்து கடை வாசலுக்கே போய்ச் சிரித்துவிட்டு வந்தாள். "முதல் வரியில அதுக்குத் தெரியாத எழுத்து வந்ததும் பயந்துபோயி மூடிக்குது ஐயா" என்று சொல்லி 'உ'வை அழித்தாள். பழைய ஃபைலைத் திரும்ப அதன் இடத்தில் வைத்தாள். கேம் சமர்த்தாகத் திறந்தது.

சந்தோஷப்பட வேண்டிய மனுஷன் அந்தக் காலியான இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "நாளைக்குத்தான் பையன் ஏதோ சேதி சொல்றேன்னான். நல்ல சேதியா இருக்கணும். பரவால்ல, எடுத்தது எடுத்தாச்சு" என்றார். கோபமெல்லாம் இல்லை, ஆனால் முகம் தொங்கிப்போய்விட்டது.

அவள் கொஞ்சம் யோசித்தாள். ஃபைலைத் திறந்து, முதல் வரியில் ரெண்டு சாய்ந்த கோடு போட்டு, அதற்குப் பின்னால் 'உ' என்று அடித்தாள். "இப்படிக் கோடு போட்டா அந்த வரிய கேம் படிக்காது, தாண்டிப் போயிடும். சாமி பாட்டுக்கு இருக்கும்" என்றாள். கேம் திறந்தது.

"நீ நல்லா இருக்கணும்மா" என்றார் ராசாங்கம். அவள் அடுத்து லோடைக் கேட்டாள். "அறுபது."

"அறுபது டன்னா! ரோட்டுல ஆர்.டி.ஓ. மடக்குனா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டவள், அவர் விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பை நிறுத்திவிட்டாள். அறுபது என்று அடித்துக் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை நாலு மணி. லோடு சங்கதி தெரிந்த சிந்தாமணியும் சத்தத்தை ஸ்பீக்கரில் வைக்கச் சொல்லிப் பின்னால் வந்து உட்கார்ந்துகொண்டாள். லாரி உறுமிக்கொண்டு, முக்கி முனகி, மாட்டு வண்டி வேகத்தில் நகர்ந்தது. ராசாங்கத்துக்குப் பரம சுகம். இதுதான் வண்டி!

"என்னப்பா, இன்னிக்கு ஊர்ந்து வரீங்க?" என்றான் மகன். அவனும் வேகத்தைக் குறைத்துக்கொண்டான். பத்து நிமிஷம் குடோன் கதை ஓடியது. ஒரு மேட்டில் ஏறும்போது பேச்சை மாற்றினான்.

"அப்பா. நான் தை மாசம் வந்துடறேன்."

"லீவு எத்தன நாளு?"

"லீவு இல்லப்பா. வேலைய எழுதிக் குடுத்துட்டேன். ஜெயங்கொண்டத்துல பைப் கடை போட எடம் பேசியிருக்கேன். இனிமே அங்கதான்."

லாரி நின்றுவிட்டது. ராசாங்கம் இருபத்தேழு வருஷத்தில் லோடு வண்டியை ஏற்றத்தில் நிறுத்தினதே கிடையாது. கண் இருட்டிக்கொண்டு வந்தது, ரோடு தெரியவில்லை, பிரேக்கை மிதித்துவிட்டார். பின்னால் சிந்தாமணி முந்தானையால் மூக்கைச் சிந்தினாள்.

"அப்பா? ஏன் நிறுத்திட்டீங்க?"

"இன்னொரு தடவ சொல்லு தம்பி" என்றார்.

அவன் சொன்னான். அம்மாவுக்காக மூன்றாவது தடவையும் சொன்னான். அன்றைக்கு லாரி ஊர் போய்ச் சேர ரெண்டு மணி நேரம் ஆனது. "வெச்சிடட்டுமா" என்று அவன் கேட்டபோது அவரே ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

டீ டம்ளரை நீட்டிய சிந்தாமணிக்கு ஸ்கிரீனில் இருந்த எடைக் கணக்கு கண்ணில் பட்டது.

"அவந்தான் ஒரேயடியா வரானே, இனிமே அறுபது டன்னு எதுக்குங்க? எறக்கி வைங்க."

ராசாங்கம் டீயை ஓர் உறிஞ்சு உறிஞ்சினார்.

"தை மாசம் வரைக்கும் இருக்கட்டும்டி" என்றார்.