அடைச்சாச்சு அக்கா

என் கைப்பையில் எப்போதும் ஒரு காந்தம் கிடக்கும். மலாக்காவில் ஓர் அலுவலகத்தில், விபத்தில் அடிபட்ட கார்களைப் பார்த்து இழப்பீட்டுக்குக் கணக்குப் போடுவது என் வேலை. பெயிண்டில் கீறல் விழாமலிருக்கக் காந்தத்தைக் கைக்குட்டையில் சுற்றிக் கதவிலும் மட்கார்டிலும் வைப்பேன். ஒட்டினால் உள்ளே இரும்பு. வழுக்கி விழுந்தால் பட்டி பூசி மறைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். இத்தனை வருடமும் ஊரார் வண்டியில் வைத்துப் பார்த்தேன், ஒரு வம்பும் வரவில்லை. தம்பி வாங்கப்போன வண்டியில் வைத்தேன், இன்றுவரை எங்களுக்குள் பேச்சு சரியில்லை.

அவன் வேலை பார்த்த தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். கையில் கொஞ்சம் பணம் கொடுத்து அனுப்பினார்கள். இரண்டு பிள்ளைகள் காலேஜில், வீட்டுக்கு மாதத் தவணை. வேறு யாராயிருந்தாலும் அந்தப் பணத்தைப் பொத்திப் பொத்தி வைத்திருப்பார்கள். இவன், கல்யாணங்களுக்குப் பழைய கார் வாடகைக்கு விடப்போகிறேன் என்றான். இப்போதெல்லாம் மண்டப வாசலில் பெண்ணும் மாப்பிள்ளையும் பழைய காரிலிருந்து இறங்கினால்தான் படம் எடுக்கிறவர்களுக்கே திருப்தி. அதனால் யோசனை மோசமில்லை, அவனுடைய அவசரம்தான் மோசம். சின்ன வயதிலேயே உலை கொதிக்கும்போது தட்டோடு வந்து உட்காருகிறவன் அவன்.

சுங்கை ரம்பாயில் ஒரு மைனர் கார் விலைக்கு வந்திருக்கிறது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் இழுத்துக்கொண்டு போனான். பேருக்கேற்ற மாதிரி மினுக்கிக்கொண்டு நிற்கும் அறுபதுகளின் கார். தஞ்சோங் கிளிங்கில் இருக்கும் என் வீட்டிலிருந்து அது மாநிலத்தின் மறுகோடி. வழியெல்லாம் நெரிசல். அவன் ரோட்டைப் பார்த்ததைவிடக் கடிகாரத்தைப் பார்த்ததுதான் அதிகம். நாலரைக்கு ராகு காலமாம், அதற்குள் முன்பணம் கொடுத்துவிட வேண்டுமாம். காரைப் பார்க்காமலா என்று கேட்டேன். பார்க்கத்தான் நீ வருகிறாயே என்றான்.

விற்கிறவர் தோட்டத்தில் லோரி ஓட்டி ஓய்வு பெற்ற பெரியவர். மகனோடு ஜொகூருக்குக் குடிபோகிறார், அங்கே அடுக்குமாடி வீட்டில் இன்னொரு காரை நிறுத்த இடமில்லை. சேமநிதிப் பணத்தைப் போட்டு, சொந்தக்காரர் ஒருவரின் பெங்கெல் பட்டறையில் அந்தக் காரைப் புதுசாக்கியிருந்தார். நாங்கள் வருகிறோம் என்று கழுவித் துடைத்து வாசலில் நிறுத்தியிருந்தார். பாலாடை நிறம், முகம் பார்க்கும் பம்பர். தம்பி சொக்கிப்போனான். நான் செருப்பைக் கழற்றுவதற்குள் வெற்றிலை வைத்த தட்டில் நூற்றொரு வெள்ளி முன்பணத்தை நீட்டிவிட்டான். பெரியவர் அதை வாங்கிப்போய் சாமி படத்தின் முன் வைத்தார். ராகு காலம் தொடங்கியது. அதற்கப்புறம்தான் நான் குனிந்து பார்த்தேன்.

கதவைத் திறந்து லேசாகத் தூக்கினேன், கீலோடு சேர்ந்து ஆடியது. மட்கார்டில் காந்தத்தை வைத்தேன், விழுந்தது. கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பட்டையில் வைத்தேன், அங்கேயும் விழுந்தது. அட்டையை விரித்து மல்லாந்து படுத்து அடியில் பார்த்தேன். கறுப்பாகத் தாரைப்போல் எதையோ கனமாக அப்பியிருந்தார்கள். ஸ்குரூடிரைவரால் குத்தியபோது, துருப்பிடித்த தகட்டுக்குள் அது பாதி போய்விட்டது. எழுந்து வந்தபோது பெரியவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“காந்தம் பழசாயிருச்சாம்மா?”

காந்தத்தை அவரிடம் கொடுத்தேன். அவர் அதை இரும்பு கேட்டில் வைத்துப் பார்த்தார், டக்கென்று பிடித்துக்கொண்டது. பிறகு காரில் வைத்தார். கதவு, மட்கார்டு, பின்பக்க மூடி என்று ஒவ்வொரு இடமாக வைத்து, விழ விழப் பிடித்துக்கொண்டே காரைச் சுற்றி வந்தார். கடைசியில் கூரையில் ஒட்டியது. கூரையில் மட்டும்தான் ஒட்டியது. அதன்மேல் கையை வைத்தபடியே நின்றார்.

“சொந்தக்காரப் பையன்தான் செஞ்சான்,” என்றார்.

ஏமாற்றுகிறவனிடமிருந்து தம்பியைக் காப்பாற்ற வந்தேன். வந்த இடத்தில் ஏமாந்துபோன ஒருவருக்கு நானே அந்தச் செய்தியைச் சொல்லியிருந்தேன். வண்டி வேண்டாம், போகலாம் என்று தம்பியிடம் முணுமுணுத்தேன். முன்பணம் சாமி முன்னால் போய்விட்டது, இனி திருப்பிக் கேட்டால் எடுத்த காரியம் விளங்காது என்று அவன் ஒற்றைக்காலில் நின்றான். பெரியவருக்கும் அதே எண்ணம்தான். நீயே ஒரு விலை சொல்லும்மா என்றார்.

அவர் கேட்டிருந்தது முப்பதாயிரம். நல்ல நிலையில் இருந்தால் அந்த வண்டி அவ்வளவு போகும்தான். ஆனால் அடித்தகடு முழுவதையும் வெட்டியெறிந்து புதுசு வைக்க வேண்டும், பக்கப் பட்டைகள் இரண்டும் மாற வேண்டும், மட்கார்டுகளும் மாற வேண்டும், அப்புறம் பெயிண்ட். இதையெல்லாம் ஒழுங்காகச் செய்தால் பாதிப் பணம் அதற்கே சரியாகிவிடும்.

“பதினஞ்சு குடுக்கலாம் அங்கிள். மீதி பதினஞ்சும் வண்டிக்கு அடியில போடணும். அதுக்குத்தான் இந்த விலை,” என்று இருவருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

பெரியவர் பேரம் பேசவில்லை. திரும்பி வரும்போது தம்பி சீட்டியடித்துக்கொண்டே ஓட்டினான். பாதி விலைக்கு முடித்துக் கொடுத்துவிட்டாயே அக்கா, நீ என் ராசி என்றான். அது உனக்கு மிச்சமான பணமில்லை, வண்டிக்குச் சேர வேண்டிய பணம், ஓடும்போது அடித்தகடு பிய்ந்தால் ஏறினவர்கள் ரோட்டில்தான் என்று மெர்லிமாவ் வரும்வரை திட்டிக்கொண்டே வந்தேன். சரி சரி என்று தலையை ஆட்டினான்.

கொஞ்ச நாள் கழித்து, அடி வேலை முடிந்ததா என்று போனில் கேட்டேன்.

“அடைச்சாச்சு அக்கா.”

அப்பாடா என்றிருந்தது. ஆபீசில் நான் வார்த்தை பார்த்துப் பிழைக்கிறவள். ‘உரசியது’ என்பதற்கும் ‘இடித்தது’ என்பதற்கும் நடுவில் எத்தனை ஆயிரம் வெள்ளி இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அடைச்சாச்சு என்றானே தவிர வெட்டி வெல்டிங் வைத்தாயிற்று என்று அவன் சொல்லவில்லை. கூடப்பிறந்தவன் குரல் என்றதும் என் காது அசந்துவிட்டது.

வாடகை நன்றாகவே ஓடியது. ஒவ்வொரு கல்யாணத்துக்கும் படம் அனுப்புவான். மாலையும் கழுத்துமாகப் பின் சீட்டில் பெண்ணும் மாப்பிள்ளையும் சிரிப்பார்கள். நானும் பார்த்துச் சந்தோஷப்பட்டேன்.

பிறகு என் மகளுக்குக் கல்யாணம் கூடியது, தங்கா பத்து மண்டபத்தில். கல்யாணத்துக்கு இரண்டு வாரம் முன்பே தம்பி வண்டியோடு வந்து எங்கள் வீட்டு வாசலில் நின்றான். தாய்மாமன் சீராக இந்த வண்டிதான், பெண்ணை நானே ஓட்டிக் கூட்டிப்போவேன் என்றான். நாலு சக்கரத்துக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைத்து, நல்ல நேரம் பார்த்து அவளை ஏறி உட்காரச் சொன்னான். அவள் ஆசையாக ஏறி உட்கார்ந்து காலை ஊன்றினாள். ஊன்றிய இடத்தில் கார்ப்பெட் கொஞ்சம் உள்ளே அமுங்கி எழுந்தது.

அவளைக் காலை நகர்த்தச் சொல்லிக் கார்ப்பெட்டை உருவினேன். காந்தத்தை வைத்தேன், வழுக்கியது. அந்தப் பக்கம் வைத்தேன், அங்கும் வழுக்கியது. பைபர் துணியை ஒட்டி, மேலே பட்டி தடவி, கறுப்புப் பெயிண்ட் அடித்திருந்தான்.

“அடைச்சாச்சுன்னு சொன்னேன்ல. பிள்ளைங்களுக்கு பீஸ் கட்ட வேண்டியிருந்துச்சு அக்கா, நான் என்னா செய்ய?”

அவன் சொன்னது பொய்யில்லை. அதுதான் என்னை வதைத்தது. மகளைப் பார்த்து, “எறங்குடி,” என்றேன். மாமா சீர்மா, இப்படிச் செய்யாதே என்று அவள் அழுதுவிட்டாள். தாய்மாமன் சீரை வாசலோடு திருப்பி அனுப்பினால் சொந்தபந்தம் என்ன சொல்லும் என்று எனக்கும் தெரியும். கையைப் பிடித்து இறக்கினேன்.

தம்பியின் முகம் செத்துவிட்டது. இந்த வாரம் வேறொரு கல்யாணத்துக்கு அட்வான்ஸ் வாங்கியாச்சு என்று முனகினான். சாவியைக் கொடு என்று கையை நீட்டினேன். கொடுக்கவில்லை. ஏறி உட்கார்ந்து வண்டியை எடுத்தான். சக்கரத்தடியில் நாலு எலுமிச்சம்பழமும் நசுங்கின. வண்டி முனையில் திரும்பி மறையும்வரை நான் நீட்டிய கையோடு வாசலில் நின்றிருந்தேன்.

அந்த வாரக் கல்யாணம் எந்த ஊரில், யார் வீட்டுப் பெண்ணுக்கு என்று நான் கேட்கவில்லை. என் மகளை மட்டும் இறக்கிக்கொண்டேன்.