தாட்பூட் கொடி அறுத்த ஞாயிறுகள்

எண்பதுகளின் நடுவில், கொடைக்கானலில் நாங்கள் எட்டுப் பேர் ஞாயிறுதோறும் சோலைக்குள் போய்த் தாட்பூட் பழக் கொடியை அறுத்துக்கொண்டிருந்தோம். யாரும் கூப்பிடவில்லை, கூலியும் கிடையாது. யாரோ பழத்துக்காக வேலியில் ஏற்றிவிட்ட கொடி அது. வேலியிலிருந்து சோலைக்குத் தாவி, மரங்களின் உச்சியை மூடி, வெயில் படாமல் சாகடித்துக்கொண்டிருந்தது. நான் பள்ளிக்கூட டீச்சர். அதை ஒழித்துவிடலாம் என்பதில் எனக்கு அன்றும் சந்தேகமில்லை, இன்றும் இல்லை.

காட்டிலாகா கார்டுக்குத்தான் நம்பிக்கை வரவில்லை.

"ஒரே ஒரு சரிவு தாரேன் டீச்சர். மழை முடிஞ்சு வந்து பாப்பேன். கொடி திரும்ப மொளச்சிருந்தா ஒங்க சோலியப் பாத்துக்கிட்டுப் போயிரணும்" என்றார்.

அந்தச் சோலையை இழக்க எனக்கு மனமில்லை. பேய் மாதிரி வேலை செய்தோம். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து இங்கே குடியேறிய அக்கா ஒருவர், கொடியை அறுத்ததோடு விடாமல் வேரையும் தோண்டி எடுக்க வைத்தார். மதியம் ஒரு பாறையைச் சுற்றி உட்கார்ந்து, அறுத்த கொடியின் பழங்களையே தின்றோம். மஞ்சள் தோலைப் பிளந்து, புளிப்பை உறிஞ்சிவிட்டு விதையைத் துப்புவோம். எதிரியையே தின்று தீர்க்கிற திமிர் எங்களுக்கு.

மழை மாதங்களில் நாங்கள் சோலைப் பக்கம் போகவில்லை. மழை முடிந்ததும் கார்டு வெள்ளனே வந்துவிட்டார். சரிவு முழுக்க நடந்து பார்த்தார். ஒரு தளிர்கூட இல்லை. நான் தலையை நிமிர்த்திக்கொண்டேன். பிறகு பாறைப் பக்கம் போனார். பாறையைச் சுற்றி வட்டமாக, முழங்கால் உயரத்துக்குத் தாட்பூட் கன்றுகள்.

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்கு அவமானத்தில் காது சுட்டது. ஆனாலும் மழுப்பத் தோன்றவில்லை.

"நாங்கதாங்க தின்னுட்டுத் துப்புனோம்."

எல்லாவற்றையும் தாண்டித் தொலைவில் அடர்ந்து நின்ற கொத்தை அவர் காட்டினார்.

"அம்புட்டுத் தொலவுக்குத் துப்புனது யாரு?"

"நான்தான். யாரு தூரமாத் துப்புறதுன்னு போட்டி வச்சோம்."

சொல்லிவிட்டு, குனிந்து அந்தக் கொத்தைப் பிடுங்க ஆரம்பித்தேன். மற்றவர்களும் குனிந்தார்கள். கடைசிக் கன்று வரும்வரை கார்டு நகரவில்லை.

"சரிவு சுத்தமாத்தான் கெடக்கு. அடுத்த வாரமும் வாங்க டீச்சர்" என்றார். "திங்கிறத மட்டும் தார் ரோட்டுல வச்சுக்கங்க."