டீ சாப்பாட்டில் சேர்த்தி இல்லை

முதலில் என்னைக் கைவிட்டது ஷூதான். எப்போதும் போடும் அளவு காலில் ஏறவில்லை. மட்டமான சரக்கு என்று திட்டிக்கொண்டே லேஸைத் தளர்த்திக் கட்டி ஆடினேன். பந்துக்குக் குதித்தால் யாரோ இடுப்பைப் பிடித்து இழுப்பது போலிருந்தது.

சென்னையில் ஒரு நிறுவனத்தின் பெண்கள் கூடைப்பந்து அணியில் சம்பளத்துக்கு ஆடுகிறேன். உடம்புதான் எனக்கு உத்தியோகம். எடை ஏறியது, மூச்சு வாங்கியது, பகலில் உட்கார்ந்தபடியே தூங்கினேன். கோச் கெட்டவர் இல்லை. ஆனால் எடை ஏறுவதற்கு அவர் அகராதியில் ஒழுக்கமின்மை என்ற ஒரே பெயர்தான். ஹாஸ்டலில் நான் அரை வயிற்றோடு எழுந்தாலும், அறையில் ஒளித்துவைத்துத் தின்கிறாள் என்று பேச்சு. அதன்பின் யாரோடும் சேர்ந்து சாப்பிடுவதை விட்டுவிட்டேன்.

சீசனுக்கு முன் உடல்தகுதித் தேர்வு. தேறாவிட்டால் ஆபீஸ் நாற்காலி, ஆட்டத்துக்கு முழுக்கு. எடையைக் குறைத்துக்கொண்டு வா என்று ஊருக்கு அனுப்பிவிட்டார் கோச்.

எங்கள் ஊர் கீரமங்கலத்தில் எல்லாம் தலைகீழ். "இப்பத்தான் பூசுனாப்புல, பொம்பளப்புள்ள லெட்சணமா இருக்க" என்றார்கள். அம்மா சூட்டோடு சூடாக ஜாதகத்தோடு கொடுக்கப் போட்டோ எடுக்கச் சொன்னாள். அந்தப் பூசினாப்பில் பாதி வீக்கம் என்று அப்போது எனக்கே தெரியாது. அங்கே குற்றவாளி, இங்கே மகாலட்சுமி. உனக்கு என்ன செய்கிறது என்று இரண்டு இடத்திலும் ஒருவர் கேட்கவில்லை.

புதுக்கோட்டையில் ஒரு டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்து, ஹைப்போதைராய்டிசம் (கழுத்துச் சுரப்பி சரியாகச் சுரக்காமல் உடம்பின் வேகம் மந்தமாவது) என்றார். தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. சோம்பேறி நான் இல்லை, என் சுரப்பி. கோச்சுக்குப் போன் செய்து சொன்னேன். மாத்திரை அதன் வேலையைப் பார்க்கட்டும், நீ வாயைக் கட்டு என்றார்.

வாயைக் கட்டினேன். பள்ளிக்கூட மைதானத்தில் தனியாக ஓடினேன். அடுத்த பரிசோதனையில் ஒன்றும் மாறவில்லை. டாக்டர் மாத்திரையின் அளவைக் கூட்டினார். அப்போதும் மாறவில்லை. தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. எனக்கு என் உடம்பின் மேலேயே வெறுப்பு வந்தது.

மூன்றாம் முறை போனபோது அம்மாவும் கூட வந்தாள். மாத்திரையை எப்படிப் போடுகிறீர்கள் என்று டாக்டர் கேட்டார். வெறும் வயிற்றில்தான் என்றேன். அம்மா சாட்சி சொன்னாள்.

"ஆமாங்க. பச்சத்தண்ணி பல்லுல படாது. எந்திரிச்சதும் டீயில போட்டு முழுங்கிருவா."

டாக்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நாங்கள் கொல்லையில் மல்லிகை பயிர் போட்டிருக்கிறோம். மொட்டு விரியுமுன் பறிக்க வேண்டும் என்பதால் இருட்டிலேயே எழுவோம். எழுந்ததும் கையில் டீ. எங்கள் வீட்டில் டீ சாப்பாட்டில் சேர்த்தி இல்லை, விரதத்தன்றும் குடிப்போம். அந்த டீயும் பாலும்தான் மாத்திரையை உடம்பில் சேரவிடவில்லை.

"தண்ணியில போடுங்க. டீ ஒரு மணி நேரம் கழிச்சு" என்றார் டாக்டர்.

நான் ஓடிய ஓட்டமும் கிடந்த பட்டினியும் ஒரு டம்ளர் டீயில் கரைந்திருந்தன. மாத்திரையோடு நாளைத் தொடங்குகிற நீங்களும், வெறும் வயிறு என்றால் என்ன என்று டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். இதில் வெட்கம் எதற்கு?

வீக்கம் மெதுவாக வடிந்தது. ஷூ காலில் ஏறியது. தேர்வில் கடைசி ஆளாகத்தான் தேறினேன், ஆனால் தேறினேன். "பாத்தியா, வாயைக் கட்டுனா நடக்கும்" என்றார் கோச். டீக் கதையை அவரிடம் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

லீவில் ஊருக்கு வந்தேன். "என்னடி இப்புடி எளைச்சுப்போன, ஒடம்புக்கு என்ன?" என்று தெருவே விசாரித்தது. நோயாக இருந்தபோது நான் ஏங்கிய கேள்வி, நன்றாக ஆனபின் வந்து சேர்ந்தது.

முன்பெல்லாம் எனக்கு நேரம் என்றால் ஆட்டக் கடிகாரமும் விசிலும்தான். இப்போது மாத்திரைக்கும் டீக்கும் நடுவே ஒரு மணி நேரம் சும்மா உட்காருகிறேன். அப்போது இந்த உடம்பு யாருக்கும் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. ஹாஸ்டலில் அது தனியாகப் போகும் நேரம்.

ஊருக்கு வந்த மறுநாள் காலை, அம்மா பூப்பறிக்கக் கொல்லைக்குப் போகாமல் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். இன்னும் டீ ஊற்றாமல் டம்ளர்கள் இரண்டும் காலி. பூ விரிந்துவிடும், நீ குடித்துவிட்டுப் போம்மா என்றேன்.

"விரிஞ்சா விரியட்டும். சேந்தே குடிப்போம்."

டீ சாப்பாட்டில் சேர்த்தி இல்லை என்று இனி நான் சொல்லமாட்டேன்.