சாயம் படாத சட்டை

இது நடந்தது. நம்ப முடியாதவர்கள் நம்ப வேண்டாம். குமரவேலே முதல் இரண்டு வாரம் நம்பவில்லை. ஆனால் 108-க்கு அவன் பேசிய அழைப்பு இன்னும் அவன் போனில் இருக்கிறது. மதியம் 2.23. அவன் பொய் சொல்லுவான். போன் சொல்லாது.

இடம், ஹைதராபாத்தில் உப்பலைத் தாண்டி, ஊர் முடிந்துவிட்டதோ என்று சந்தேகம் வருகிற இடத்தில் இருக்கும் ஓர் இன்ஜினியரிங் கல்லூரி. ஆண்கள் விடுதி, மூன்றாவது மாடி, அறை 317. நாள், ஹோலி. வெள்ளிக்கிழமை. பேய் வருவதற்குக் கொஞ்சமும் லாயக்கில்லாத பட்டப்பகல்.

குமரவேல் நாமக்கல்காரன். இரண்டாம் ஆண்டு. ஹோலி விளையாடக் கீழே போகாததற்கு அவன் எல்லோரிடமும் சொன்ன காரணம், தோல் அலர்ஜி. உண்மைக் காரணம், போன வருஷத்து ஹோலி. யாரோ நீட்டிய ஒரு டம்ளர் பாதாம் பாலை வாங்கிக் குடித்தான். அதில் பாங்கு, அதாவது அரைத்த கஞ்சா இலை, கலந்திருந்தது. அப்புறம் இரண்டு மணி நேரம் வராந்தாவில் இருக்கும் வாட்டர் கூலரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "பெரியப்பா, என்னை மன்னிச்சிருங்க" என்று அழுதிருக்கிறான். வீடியோ இருக்கிறது. இன்றுவரை கல்லூரியில் அவன் பெயர் பெரியப்பா.

அதனால் இந்த வருஷம் கதவைச் சாத்திக்கொண்டு, ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, லேப்டாப்பில் படம் பார்த்துக்கொண்டிருந்தான்.

மணி 12.50. கதவை யாரோ காலால் உதைத்தார்கள்.

"பெரியப்பா! ஓப்பன் தி டோர்!"

நிகில். கச்சிபௌலியில் வளர்ந்த தமிழ்ப் பையன். வீட்டில் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்லிப் பழகியவன். அவன் தோளில் தொங்கிக்கொண்டு வந்தான் டேனியல்.

டேனியல் விடுதியில் இருப்பவன் இல்லை. மெட்டுகூடா ரயில்வே காலனியிலிருந்து தினமும் வந்து போகிறவன். ஹைதராபாத்துக்கு வந்த புதிதில் குமரவேல் கண்ணில் தண்ணீர் வரச் சாப்பிட்ட முதல் மீன் குழம்பு டேனியல் வீட்டில்தான். தண்ணீர் வந்தது காரத்தாலா, வீட்டு ஞாபகத்தாலா என்று அவன் யாரிடமும் சொன்னதில்லை.

இப்போது டேனியலின் முகம் முழுக்க ஊதா. அதன்மேல் பச்சை. பல்லை வைத்துத்தான் ஆளை அடையாளம் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

"என்னடா குடிச்சான்?"

"பாங்கு. அப்புறம் கொஞ்சம் வோட்கா. கொஞ்சம்தான் ப்ரோ."

"கொஞ்சம்னா?"

"ஒரு வாட்டர் பாட்டில்."

டேனியல் தலையைத் தூக்கினான். "குமரு... அப்பாகிட்ட நக்கோடா. சொல்லாதே. தவக்காலம்டா... அதுவும் வெள்ளிக்கிழமைடா..."

காலியாகக் கிடந்த எதிர்க் கட்டிலில் அவனை மல்லாக்கப் போட்டார்கள்.

"ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிரலாமா?"

"பாகல் ஹை க்யா? பைத்தியமா உனக்கு? வார்டனுக்குத் தெரிஞ்சா மூணு பேருக்கும் சஸ்பென்ஷன். தூங்கினா சரியாயிடும். தாழ்ப்பாள் போட்டுக்கோ. யார் தட்டினாலும் திறக்காதே."

நிகில் போனான். குமரவேல் தாழ்ப்பாள் போட்டான்.

இந்த இடத்தைச் சொல்லும்போது மட்டும் அவனுக்கு இன்றைக்கும் குரல் இறங்கிவிடும்.

1.35. டேனியல் பலமாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். குறட்டை விடுகிறவன் நன்றாக இருக்கிறான் என்பது குமரவேலின் மருத்துவ அறிவு. நிம்மதியாகப் படத்தைத் தொடர்ந்தான்.

1.48. படத்தில் சத்தமில்லாத ஒரு காட்சி. அப்போது வராந்தாவின் அந்தக் கோடியில்...

டக். டக். டக்.

யாரோ ஒரு கதவைத் தட்டினார்கள். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு அடுத்த கதவு. டக். டக். டக்.

மாடியில் வேறு யாரும் கிடையாது. எல்லாரும் மைதானத்தில் ஆடிக்கொண்டிருந்தார்கள். வார்டன் வெங்கடகிருஷ்ணன் ரவுண்டு வருகிறாரோ? ஆனால் அவர் உள்ளங்கையால் அறைகிறவர். கூடவே ஒரு திட்டும் வரும். இது விரல் முட்டியால் தட்டுகிற சத்தம். மெதுவாக. ஒரு கதவுக்கு மூன்று.

315.

316.

குமரவேல் மூச்சைப் பிடித்துக்கொண்டான்.

டக்... டக்... டக்...

317. கதவுக்குக் கீழே இடைவெளியில் வெயில் தெரிந்தது. கால் நிழல் தெரியவில்லை.

அவன் திறக்கவில்லை.

அதற்கப்புறம் 318-ஐ யாரும் தட்டவில்லை. அதை அவன் அப்போது கவனிக்கவில்லை.

2.07. லேப்டாப்பில் நான்கு சதவீதம்தான் பாக்கி. சார்ஜர் பையில் இருந்தது. பை எப்போதும் கதவில் உள்ள ஆணியில் தொங்கும்.

ஆணியில் பை இல்லை.

திரும்பிப் பார்த்தான். டேனியல் ஒருக்களித்துப் படுத்திருந்தான். ஒரு முழங்காலை மடக்கி, கன்னத்துக்குக் கீழே கையை வைத்து, பச்சைப்பிள்ளை போல. முதுகுக்குப் பின்னால், புரண்டுவிடாதபடி முட்டுக் கொடுத்திருந்தது... குமரவேலின் பை.

"சொகுசு கேக்குதாடா உனக்கு?" என்றான். நிற்கக்கூட முடியாதவன் ஆணியிலிருந்து பையை எப்படி எடுத்தான் என்று யோசிக்கவில்லை. யோசிக்கிற ஆளாக இருந்தால் வாட்டர் கூலரிடம் மன்னிப்புக் கேட்டிருப்பானா?

பையை உருவினான். டேனியல் மெல்ல மல்லாந்தான்.

ஒரு சார்ஜருக்காக.

2.19. ஹெட்ஃபோன் காதில். படத்தில் ஏதோ சண்டை.

மேஜையில், அவன் முழங்கைக்குப் பக்கத்தில்...

டக்.

பலகை அதிர்ந்தது. எலும்பில் ஏறியது.

டக்.

டக்.

ஹெட்ஃபோனைக் கழற்றினான்.

குறட்டை இல்லை.

வேறு ஒரு சத்தம். கொளக்... கொளக்... குழாயில் தண்ணீர் நின்று காற்று வருகிற மாதிரி.

டேனியலின் முகத்தைப் பார்த்தான். ஊதா. பச்சை. உதடு நீலமாகிவிட்டதா? தெரியவில்லை. அத்தனை சாயம்.

தலைமாட்டில் ஒருவன் நின்றிருந்தான்.

வெள்ளைச் சட்டை. ஹோலி அன்றைக்கு, அந்தக் கட்டடத்தில், ஒரு பொட்டுச் சாயம் படாத சட்டை. தலை ஈரமாக இருந்தது. படிய வாரியிருந்தது. சட்டை அவனுக்கு ரொம்பப் பெரிசு. கை விரல் வரைக்கும் தொங்கியது. பாக்கெட்டில் நீல மைக் கறை.

தாழ்ப்பாள் போட்டது போட்டபடி இருந்தது.

அவன் குனிந்தான்.

ஒரு கை டேனியலின் தோளில். ஒரு கை இடுப்பில்.

புரட்டினான்.

டேனியலின் வாயிலிருந்து கொட்டியது. பிறகு ஒரு மூச்சு. நீளமாக... இழுத்து...

வெள்ளைச் சட்டைக்காரன் நிமிர்ந்து குமரவேலைப் பார்த்தான். கோபம் இல்லை. கெஞ்சுகிற முகம்.

"கதவைத் திற."

குமரவேல் திறந்தான்.

வராந்தாவில் கத்திக்கொண்டே ஓடினான். ஓடியபடியே 108. எதிரே வந்த வார்டனிடமே போய் விழுந்தான். சஸ்பென்ஷன் என்ற சொல் ஞாபகத்துக்கே வரவில்லை.

ஆஸ்பத்திரியில் எலிசபெத் என்ற தமிழ் நர்ஸ் கேட்டாள்: "ஒருக்களிச்சுப் போட்டது நீங்களா தம்பி? மல்லாக்க விட்டிருந்தா வாந்தி மூச்சுக்குழாய்க்குப் போயிருக்கும். அஞ்சு நிமிஷம் தாங்கியிருக்க மாட்டார்."

அவள் டேனியலின் பக்கம் குனிந்தாள்.

"அது சரி, இது என்ன?"

கிழிந்த பனியனுக்கு வெளியே டேனியலின் தோள். ஊதாச் சாயத்துக்கு நடுவில் ஒரு கை. ஐந்து விரலும் தெளிவாகத் தெரிந்தன. அந்த இடத்தில் மட்டும் சாயமே இல்லை. கழுவி விட்ட மாதிரி.

ஆறு மணிக்கு டேனியலின் அப்பா இருதயராஜ் வந்தார். ஒர்க்‌ஷாப் சீருடையைக்கூட மாற்றவில்லை. அடி விழப்போகிறது என்று குமரவேல் ஒதுங்கி நின்றான். அவர் கைக்குட்டையை நனைத்து மகன் முகத்தைத் துடைக்க ஆரம்பித்தார். சாயம் போகவில்லை. துடைத்துக்கொண்டே இருந்தார்.

"எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாமேப்பா," என்றார் குமரவேலிடம். "திட்டியிருப்பேன். திட்டிட்டு ஓடி வந்திருப்பேன்."

இரவு ஏழரை. வெளியே பெஞ்சில் வார்டன் உட்கார்ந்திருந்தார். தார்நாகாவிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். சிரித்து யாரும் பார்த்ததில்லை. அவரிடம் எல்லாவற்றையும் சொன்னான்.

"நீயும் பாங்கு குடிச்சியா?"

"இல்ல சார். பெரியப்பா மேல சத்தியமா."

அவர் சிரிக்கவில்லை. "பையன் எப்படி இருந்தான்?"

"தலையை வாரி, நீட்டா இருந்தான் சார். சட்டைதான் ரொம்பப் பெரிசு. வெள்ளைச் சட்டை. பாக்கெட்ல மைக் கறை."



"தினேஷ்," என்றார் வெங்கடகிருஷ்ணன். "சேலத்துப் பையன். ஆறு வருஷம் முன்னாடி, இதே ஹோலி. ரூம் 301. கூட இருந்த பசங்க மல்லாக்கப் போட்டுட்டு, எனக்குத் தெரியக் கூடாதுன்னு வெளியே பூட்டிட்டு ஆடப் போயிட்டாங்க."

"சார்..."

"நடுவுல முழிச்சிருக்கான். உள்ளேயிருந்து தட்டியிருக்கான். மூணு மூணு தடவையா. எதிர் ரூம்காரனுக்குக் கேட்டிருக்கு. ஹோலிதானே, யாரோ விளையாடறான்னு விட்டுட்டான். சாயங்காலம் திறந்தப்போ எல்லாம் முடிஞ்சிருந்தது."

301-லிருந்து 317 வரை. குமரவேலுக்கு அந்தக் கதவுகள் ஒவ்வொன்றாகக் காதில் கேட்டன.

"பார்ட்டி நடந்ததே வெளியே தெரியக் கூடாதுன்னு மேலிடத்துல சொல்லிட்டாங்க. அவங்க அம்மா ரயில்ல வந்துக்கிட்டிருந்தாங்க. நான்தான் அவனைக் குளிப்பாட்டச் சொன்னேன். தலைகூட நானே வாரிவிட்டேன். அவன் துணியெல்லாம் ஒரே சாயம்..."

போனைக் கையில் எடுத்தார்.

"அந்த அம்மா ஒவ்வொரு ஹோலிக்கும் எனக்கு போன் பண்றாங்க. சண்டைக்கு இல்லப்பா. ஒரே ஒரு கேள்வி. என் பையன்கிட்ட வெள்ளைச் சட்டையே கிடையாதே சார், அது யாரோடதுன்னு."

"நீங்க என்ன சொல்வீங்க?"

"தெரியாதும்மான்னு சொல்லுவேன்."

மணி 8.02. அவர் கையிலிருந்த போன் அடித்தது. திரையில் 'சேலம் அம்மா'. குமரவேல் அதைப் பார்த்தான். பிறகுதான் அவர் சட்டைப் பாக்கெட்டைப் பார்த்தான். எப்போதும் அதில் இருக்கும் மைப் பேனா. அதற்குக் கீழே, துணியில் ஊறிப்போன நீலக் கறை.

அவர் போனைக் காதில் வைத்தார். அந்தப் பக்கம் கேட்டு முடிக்கும்வரை காத்திருந்தார்.

"என்னோடதும்மா," என்றார்.