டைப்பிஸ்ட் கொண்டுவந்த பட்டியல்

ஆங்கிலம் பேசக் கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கு முதல் நாள் நான் புத்தகம் கொடுப்பதில்லை. ஒரு வாரம் தமிழில் யாரிடம் என்ன பேசினீர்கள் என்று எழுதிக்கொண்டு வாருங்கள் என்பேன். பட்டுச்சேலையை வீடியோ காலில் வெளிநாட்டுக்குக் காட்டி விற்கிறவருக்கு யானையும் ஆப்பிளும் எதற்கு? சாயம் போகாது, ஜரிகை குத்தாது, இருங்கள் கேமராவைக் கிட்டே கொண்டுவருகிறேன், இதுதானே அவருக்கு வேண்டும்? அவர்கள் எழுதி வருவதிலிருந்து நூறு வார்த்தை பொறுக்குவேன். இந்த ஆரணியில் என்னைவிட நன்றாக ஆங்கிலம் பேசுகிறவர்கள் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். ஆனால் யாருக்கு எந்த வார்த்தை என்று பொறுக்குவதில் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று கர்வமாகத்தான் இருந்தேன்.

என் வகுப்பு மாடியில். கீழே டி.டி.பி. கடை. அதை நடத்தியவர் என்னைவிட நாலு வயது மூத்தவர். நான் அண்ணா என்பேன், அவர் டீச்சர் என்பார். பெரணமல்லூர் பக்கத்தில் ஒரு கிராமம் அவருக்கு. வீட்டில் எல்லோரும் கழனி வேலை, இவர் ஒருவர்தான் நாற்காலியில் உட்கார்ந்து சம்பாதித்தவர். ஆங்கிலத்தை மின்னல் வேகத்தில் அடிப்பார், ஒரு எழுத்து பிசகாது, ஒரு வரிக்கும் அர்த்தம் தெரியாது. என் பாடக் குறிப்புகளை எல்லாம் அவர்தான் அடித்துக் கொடுத்தார். இதற்கு என்ன அர்த்தம் தெரியுமா என்று சீண்டினால், "அது உங்க டிபார்ட்மெண்ட் டீச்சர்" என்று சிரிப்பார். மனுவையும் கல்யாணப் பத்திரிகையையும் ஜனங்கள் செல்போனிலேயே செய்துகொள்ள ஆரம்பித்ததும், கடையில் அவர் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்.

போன வருடம் ஒரு நாள் போனை நீட்டிக்கொண்டு மாடிக்கு வந்தார். வெளிநாட்டில் வேலையாம். வாடிக்கையாளர்களோடு சாட்டிங். டைப்பிங் ஸ்பீடு பார்த்து எடுத்துவிட்டார்களாம். மூன்று வாரத்தில் கிளம்ப வேண்டும், அதற்குள் இதையெல்லாம் படித்துவிடச் சொல்லி ஒரு பட்டியல் அனுப்பியிருந்தார்கள்.

பட்டியலைப் பார்த்தாலே தொழில் தெரிந்துவிடும் எனக்கு. நர்ஸ் என்றால் உடம்பு இருக்கும், ஓட்டல் என்றால் சாப்பாடு இருக்கும். கஸ்டமர் என்றால் புகார், ரசீது, தாமதத்துக்கு மன்னிக்கவும் என்று வரிசையாக வரும். இதில் அது ஒன்றுகூட இல்லை. லோன்லி இருந்தது. ட்ரஸ்ட் இருந்தது. விதவை, விவாகரத்து, வளர்க்கிற நாய், மழை, தூக்கம் வரவில்லையா, நம் எதிர்காலம். முழுக்கப் படித்துவிட்டு மறுபடி மேலே போனேன். எனக்கு வேலை என்னவென்று பிடிபடவில்லை.

"இன்னாணா, கல்யாண புரோக்கர் வேலையா?" என்றேன்.

"பேஜார் பண்ணாதீங்க டீச்சர். தனியா இருக்கிற வயசானவங்களுக்குப் பேச்சுத்துணையாம். அந்த ஊர்ல அப்படியெல்லாம் கம்பெனி கீதாம்."

இருந்தாலும் இருக்கும் என்று விட்டுவிட்டேன். விட்டதோடு நின்றேனா? பட்டியல் மட்டமாக இருக்கிறதே என்று அதைத் திருத்த உட்கார்ந்தேன். சாப்பிட்டீங்களா என்று அவர்களிடம் கேட்காதீர்கள், நேற்று தூங்கினீர்களா என்று கேளுங்கள் என்றேன். ஆறுதலுக்கு அவர்கள் கொடுத்திருந்த வாக்கியங்கள் மரக்கட்டைபோல இருந்தன. மனசைத் தொடுகிற மாதிரி பத்து எழுதிக் கொடுத்தேன். யாரோ முகம் தெரியாத கிழவி அதைப் படித்துக் கண் கலங்க வேண்டும் என்று ஆசையாகப் பொறுக்கினேன். நேரம் போதாமல், எப்போதும் எல்லோருக்கும் சொல்லித்தரும் ஆபத்து, ஆஸ்பத்திரி, போலீஸ் பாடத்தை எடுத்துவிட்டேன். கம்பெனியே எல்லாம் பார்த்துக்கொள்ளும் என்று அவரும் சொன்னார்.

போன முதல் வாரம் போட்டோ வந்தது. வரிசையாகக் கம்ப்யூட்டர், ஏசி அறை. ஜன்னலில் கம்பி நெருக்கமாக இருந்ததை அப்போது நான் கவனிக்கவில்லை. பிறகு வீடியோ கால் நின்றது. வாய்ஸ் மெசேஜ் மட்டும் வரும், நல்லா கீறேன், பசங்கள பாத்துக்கோ என்று. அவர் மனைவி வீட்டிலிருந்தே சேலை முந்தானைக்குக் குச்சு கட்டிக் கொடுப்பவர். ஒரு நாள் கையில் பட்டு நூல் ஒட்டியபடியே மாடியேறி வந்தார்.

"டீச்சர், நீங்களே கேளுங்க. இவரு பேசி முடிக்கறப்போ பின்னால யாரோ ஒருத்தர் இருமுறாங்க. ஒவ்வொரு மெசேஜ்லயும் அதே இருமல்."

கூடத் தங்கியிருப்பவராக இருக்கும் என்றேன். அதைச் சொல்லும்போது எனக்கே அதில் நம்பிக்கை இல்லை.

எனக்கும் அவரிடமிருந்து மெசேஜ் வந்துகொண்டிருந்தது. அழுகிறவர்களைத் தேற்ற மூன்று வாக்கியம் வேண்டும் என்றார், அனுப்பினேன். அடுத்து, சொந்த வீட்டை விற்கத் தயங்குகிறவர்களுக்குத் தைரியம் கொடுக்க என்ன சொல்லலாம் என்று கேட்டிருந்தார். அதைப் படித்ததும் கை நின்றது. வாசலைச் சாத்திவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். நான் பொறுக்கிக் கொடுத்த பத்து வாக்கியமும் எதற்கு என்று அப்போதுதான் உறைத்தது. என்ன வேலை அண்ணா இது என்று கேட்டு அனுப்பினேன். பார்த்துவிட்டார் என்று மட்டும் காட்டியது.

எட்டு நாள் கழித்து, காலை பதினோரு மணிக்கு, வகுப்பு நடக்கும்போது புது நம்பரிலிருந்து அழைப்பு.

"டீச்சர், நான்தான். பக்கத்துல ஒருத்தன் நின்னுகினு கீறான். அவனுக்குத் தமிழ் தெரியாது, இங்கிலீஷ் தெரியும். பாடத்துல சந்தேகம் கேக்கறேன்னு சொல்லி போன் வாங்கினேன். நீங்க பதறாம பேசுங்க."

பேச்சு நிதானமாகத்தான் இருந்தது. வகுப்பில் சந்தேகம் கேட்கிற அதே குரல். நான் வராந்தாவுக்கு வந்தேன். போலீஸ், பாஸ்போர்ட் என்று நாம் தமிழில் பேசினாலும் அந்த வார்த்தைகள் ஆங்கிலம்தானே, அவன் காதில் விழுந்துவிடுமே என்று பயந்து பயந்து பேசினேன். எந்த ஊரில் இருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"தெரியல டீச்சர். வண்டியில ராத்திரி கொண்ணாந்தாங்க. வெளிய விடமாட்டாங்க. சொன்ன கணக்கு முடிக்கலன்னா அடிப்பாங்க. போன வாரம் ஒரு பையனை அடிச்சாங்க, அதுக்கப்புறம் அவன் உக்கார்ற எடத்துக்கு வரல."

அவரே தொடர்ந்தார்.

"அதுக்காக நான் போன் பண்ணல. எனக்கு ஒரு வார்த்தை வேணும். ஒரு அம்மா கீறாங்க, புருஷன் இல்ல. மூணு மாசமா நான்தான் பேசிகினு கீறேன். நாளைக்கு வீட்டை எழுதிக் கொடுத்துட்டு, வர்ற பணத்தையெல்லாம் இவனுங்களுக்கு அனுப்பப் போறாங்க. நான் அடிக்கிறத இவனுங்க படிச்சுப் பாக்கறாங்க. அந்தம்மாவுக்குப் புரியணும், இவனுங்களுக்குப் புரியக் கூடாது. அது மாதிரி ஒண்ணு சொல்லுங்க டீச்சர்."

எனக்கு உடனே தோன்றியது. ஒன்றல்ல, இரண்டு தோன்றின. ஆங்கிலத்திலேயே பிறந்து வளர்ந்த கிழவிக்குச் சட்டென்று உறைக்கும், இவன்களுக்கு வெறும் கொஞ்சல்போலத் தெரியும். தொண்டைவரை வந்துவிட்டது. ஆனால் அந்த அம்மா நாளை எதையும் அனுப்பாமல் போனால், இவன்கள் திரும்ப உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் படிப்பார்கள். கடைசி வரி இவருடையதாக இருக்கும். குச்சு கட்டுகிற அந்தக் கைகள் எனக்குக் கண்முன் வந்தன. முகம் தெரியாத கிழவி எனக்கு யார்?

"அது மாதிரி வார்த்தை எதுவும் இல்லணா," என்றேன்.

பக்கத்தில் நின்றவன் இருமினான், மெசேஜ்களில் கேட்ட அதே இருமல்.

"உங்களுக்கே தெரியலயா?" என்றார். "சரி டீச்சர். நானே எதனா அடிச்சுப் பாக்கறேன்."

அதோடு அந்த நம்பரும் இல்லை, பழைய நம்பரும் இல்லை. அவர் மனைவி கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்தார். நான்தான் ஆங்கிலத்தில் எழுதினேன். ஒவ்வொரு வாரமும் மாடியேறி வந்து, கடைசியாக என்ன கேட்டார் என்று மறுபடி கேட்கிறார். ஏதோ ஒரு வார்த்தைக்கு அர்த்தம் கேட்டார், சொன்னேன் என்கிறேன். சொல்லியிருந்தால், யாருக்கும் தெரியாத மாதிரி அவர் அதை அடித்திருப்பார். சொல்லாததால், தனக்குத் தெரிந்ததை, இவன்களுக்கும் புரியும்படி, பச்சையாக அடித்திருப்பார்.