தோட்டா வரிசையில் அம்மா

துவக்கு எண்ணெய்க்கு ஒரு மணம் உண்டு. தையல் மெசினுக்கு விடும் எண்ணெயைவிடக் கொஞ்சம் இனிப்பாக, மூக்குக்குள் போனால் இலேசில் வெளியே வராத மணம். அதோடு பொரித்த வெங்காயமும் சொசேஜும், பெரிய கேத்தலில் காய்ந்துகொண்டிருக்கும் கோப்பியும், மழையில் நனைந்த கோட்டுகளும் சேர்ந்தால் எப்படி மணக்கும் என்பதை நான் எட்டு வயதில், டென்மார்க்கின் யூலண்ட் பகுதியிலுள்ள பிராண்டே என்ற சின்ன ஊரின் விளையாட்டு மண்டபத்தில் அறிந்துகொண்டேன். துப்பாக்கியைத் "துவக்கு" என்று சொல்லும் யாழ்ப்பாணத்திலிருந்து அங்கு வந்து எங்களுக்கு அப்போது இரண்டாவது இலையுதிர்காலம். இன்றைக்கும் எங்கேயாவது வெங்காயம் பொரிக்கும் மணத்தோடு எண்ணெய் மணமும் சேர்ந்து வந்தால் வாசல் எந்தப் பக்கம் என்று முதலில் பார்ப்பேன்.

அப்பா எங்களுக்கு முன்னமே டென்மார்க்குக்கு வந்து, ஒரு தொழிற்சாலையில் வேலை எடுத்து, பிறகுதான் எங்களைக் கூப்பிட்டார். அவர் கூப்பிடும்வரை காத்திருந்தது அம்மாவும் அண்ணா சுதனும் நானும். அண்ணாவுக்கு மீசை அரும்பத் தொடங்கிய நாளிலிருந்தே அம்மாவுக்கு நித்திரை போய்விட்டது. அந்த வயதுப் பெடியன்களை இன்றைக்குத் தெருவில் காண்போம், சில மாதம் கழித்து, இயக்கத்துக்குப் போய்ச் செத்தவர்களின் சுவரொட்டியில் காண்போம். எங்கள் ஒழுங்கையில் மட்டும் அப்படிப் பல முகங்கள். என் பிள்ளையின் கையில் துவக்கு ஏறக்கூடாது என்பதே அம்மாவின் ஒரே நேர்த்தி. ஊரைவிட்டுப் புறப்பட்ட நாளில் கடலேரியைக் கடந்தபோது அண்ணாவின் காலில் போத்தல் ஓடு வெட்டியிருந்தது. ஏறக்குறையத் தன் உயரம் வளர்ந்துவிட்ட அவனை முதுகில் சுமந்துகொண்டு, தொடையளவு தண்ணீரில் படகுவரைக்கும் நடந்தார் அம்மா. நான் அவருடைய சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். "காவிக்கொண்டு வந்தனான்" என்று அம்மா பின்னாளில் சொன்னபோதெல்லாம் அது வெறும் பேச்சுக்குச் சொன்னது அல்ல.

பிராண்டேக்கு வந்த பிறகும் அம்மாவிடம் போகாத பழக்கம் ஒன்று இருந்தது. ஊரில் சாமான் வராமல் தடைபட்ட காலத்தில் சவர்க்காரம், மண்ணெண்ணெய், நெருப்புப்பெட்டி, பற்றறி எதுவும் கடையில் கிடையாது. எப்போதாவது கூட்டுறவுச் சங்கக்கடையில் எதையாவது கொடுப்பார்கள். என்ன கொடுக்கிறார்கள் என்று விசாரித்துவிட்டுப் போய் நின்றால் அது முடிந்திருக்கும். ஆகவே ஒரு வரிசையைக் கண்டால் முதலில் கடைசி ஆளுக்குப் பின்னால் போய் நிற்க வேண்டும், நின்ற பிறகு அவரிடம் "என்ன குடுக்கினம்?" என்று கேட்க வேண்டும். என்ன சாமான் என்றாலும் அது நம் வீட்டில் இல்லாத சாமானாகத்தான் இருக்கும். இந்தச் சட்டத்தை அம்மா பிராண்டேயிலும் விடாமல் காப்பாற்றினார். வங்கியில் நின்றார், தபாற்கந்தோரில் நின்றார், ஒருமுறை இரத்ததானம் செய்ய நின்றவர்களுக்குப் பின்னாலும் நின்றார். கொடுப்பதற்கும் ஆட்கள் வரிசையில் நிற்பார்கள் என்பது அவருக்கு அன்றைக்குத்தான் தெரியவந்தது.

கட்டிலுக்குக் கீழே வாழைப்பழப் பெட்டி ஒன்றில் சவர்க்காரமும் மெழுகுதிரியும் பற்றறியும் நெருப்புப்பெட்டியும் அடுக்கி வைத்திருப்பார். அப்பா அதைக் காலால் தட்டிப் பார்த்துவிட்டுச் சிரிப்பார். "இஞ்சை கடை இண்டைக்குப் பூட்டினால் நாளைக்குத் திறப்பாங்கள். நீர் சும்மா பயப்பிடாதையும்."

"அங்கையும் அப்பிடித்தான் சொன்னவை" என்று அம்மா பெட்டியை மீண்டும் உள்ளே தள்ளுவார்.

அந்தச் சனிக்கிழமை தூறலில் என் கையைப் பிடித்துக்கொண்டு அம்மா கடைக்குப் போய்க்கொண்டிருந்தார். விளையாட்டு மண்டபத்தின் முன்னால் கார் விட இடமில்லாமல் புல்தரையிலும் ஏற்றி விட்டிருந்தார்கள். மண்டபத்து வாசலிலிருந்து சைக்கிள் கொட்டகைவரை வரிசை. உள்ளிருந்து வந்தவர்கள் சின்னச் சின்னக் கனத்த பெட்டிகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு காருக்கு ஓடினார்கள். வைத்துவிட்டு மனைவியையோ தம்பியையோ கூட்டிக்கொண்டு மீண்டும் வந்து நின்றார்கள். அம்மாவுக்கு அப்போது டேனிஷ் ஒரு சொல்லும் ஓடாது. ஆனால் தட்டுப்பாட்டு வரிசைக்கு என்று ஒரு முகம் இருக்கிறது. தனக்கு முன்னால் எத்தனை பேர் என்று எட்டி எட்டிப் பார்க்கும் முகம். அதை வாசிக்க அவருக்கு எந்த மொழியும் தேவைப்படவில்லை. என்னை இழுத்துக்கொண்டு போய்க் கடைசியில் நின்றார்.

"கேள் பிள்ளை, என்ன குடுக்கினமெண்டு."

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் முன்னால் நின்ற பச்சைத் தொப்பிக்காரரைக் கேட்டேன். அவர் குனிந்து, அன்பாகவே, "பட்ரோனர்" என்றார். பள்ளிக்கூடத்தில் அந்தச் சொல்லை எனக்கு யாரும் படிப்பித்திருக்கவில்லை. ஆனால் வரிசையில் நின்றவர்களின் மற்றப் பேச்செல்லாம் விளங்கியது. இனி வராதாம், வந்தாலும் விலை ஏறுமாம், ஆளுக்கு இத்தனைதான் என்று அளந்துதான் கொடுக்கிறார்களாம். அந்த வருடம் ஏன் அந்தத் தட்டுப்பாடு வந்தது என்று எனக்கு இன்றைக்கும் சரியாகத் தெரியாது. புதுச் சட்டம் என்றார் ஒருவர், தொழிற்சாலை என்றார் இன்னொருவர். கேட்டதை அப்படியே அம்மாவுக்குச் சொன்னேன்.

"பட்ரோனர் எண்டால் என்ன?"

"தெரியாதம்மா."

"சரி, எங்களிட்டை இல்லாத சாமானாத்தான் இருக்கும்" என்றார் அம்மா. சொன்னது முழுக்க உண்மை.

மண்டபத்துக்குள் நுழைந்ததும் அந்த மணம் வந்தது. நாங்கள் பள்ளிக்கூடத்தோடு வந்து பந்தடிக்கும் இடம் அது; அன்றைக்கு அங்கே வேட்டைக்காரர்களின் சந்தை. தரையில் போட்டிருந்த பட்மின்டன் கோடுகளின் மேல் நீள மேசைகளை வைத்து, பச்சைத் துணி விரித்து, அதன்மேல் துவக்குகளைக் கிடத்தியிருந்தார்கள். ஒவ்வொன்றிலும் நூலில் கட்டிய விலைச்சீட்டு. சோதனைச்சாவடியில் நின்றவர்களின் தோளிலும், எங்கள் ஒழுங்கையால் போனவர்களின் தோளிலும் மட்டுமே துவக்கைக் கண்டிருந்த எனக்கு, ஆள் இல்லாத துவக்கைக் காண்பது அதுதான் முதல்முறை. பிள்ளைகள் சொசேஜ் சாப்பிட்டார்கள். ஒரு தாய் குழந்தை வண்டியை ஆட்டிக்கொண்டே ஒரு துவக்கைத் தூக்கிப் பாரம் பார்த்தாள். யாரும் ஓடவில்லை, யாரும் குனியவில்லை, எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள் என்பதுதான் என்னை அதிகம் பயப்படுத்தியது.

அம்மா இதையெல்லாம் காணவில்லை. வரிசை சுவரோரமாகப் போனது; அவருடைய கண் முழுக்க முன்மேசையில் குறைந்துகொண்டே போன பெட்டிகளில் இருந்தது. எங்கள் முறை வந்ததும் மேசைக்காரர் எதையோ காட்டச் சொல்லிக் கேட்டார். வேட்டை அனுமதி அட்டையைக் கேட்டிருக்கிறார் என்பது பின்னாளில்தான் எனக்கு விளங்கியது. சங்கக்கடையில் குடும்ப அட்டையைக் காட்டாமல் ஒரு கட்டிச் சவர்க்காரமும் வாங்க முடியாது என்று பழகிய அம்மா, கைப்பையைத் திறந்து, டாக்டரிடம் போகும்போது காட்டும் எங்கள் மஞ்சள் அட்டைகளை எடுத்து, நாலு பேருக்கும் சேர்த்து அவர் முன்னால் நிரையாக வைத்தார். முகத்தில் ஒரு பெருமை. மனிதர் நல்லவர், கேலி செய்யாமல் சிரித்தார். இவளுக்கு விளங்கவில்லைப் போல என்று ஒரு பெட்டியை உடைத்து, உள்ளே இருந்ததை உள்ளங்கையில் கொட்டிக் காட்டினார்.

சிவப்புக் குழாய்கள், அடியில் பித்தளை. ஊரில் சண்டை ஓய்ந்த பிறகு நானும் அண்ணாவும் பொறுக்கிச் சேர்த்தவை "கோது", வெறும் ஓடுகள். இவை மருந்து நிரம்பிய தோட்டாக்கள்.

அம்மா அட்டைகளை எடுக்காமலே பின்னால் நகர்ந்தார். நான்தான் பொறுக்கிக்கொண்டேன். அப்போதுதான் அவர் நிமிர்ந்து மண்டபத்தைப் பார்த்தார், மேசைமேசையாகப் பார்த்தார், கடைசி மேசைக்குப் போன அவருடைய கண் அங்கேயே நின்றுவிட்டது. அங்கே அண்ணா நின்றான். கூட்டாளி மிக்கெல் வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவன், மிக்கெலும் மிக்கெலின் தகப்பனும் பக்கத்தில் நிற்க, ஒரு துவக்கைத் தோளில் வைத்து, ஒற்றைக் கண்ணை மூடி, சிரித்துக்கொண்டு குறி பார்த்தான்.

அம்மா கத்தியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். கத்தவில்லை. ஆட்களை விலக்கிக்கொண்டு நேரே நடந்து போய், அந்தக் குழலின் முன்னால், தன் நெஞ்சு அதில் முட்டுமளவுக்கு நின்றார். அண்ணா மூடிய கண்ணைத் திறந்தான். மிக்கெலின் தகப்பன் முகம் வெளிறித் துவக்கின் குழலைப் பிடித்து மேலே தூக்கிவிட்டு, என்னிடம் படபடவென்று சொன்னார். நான் மொழிபெயர்த்தேன்.

"வெறுந்துவக்காம் அம்மா. உள்ளுக்கு ஒண்டுமில்லையாம்."

"வெறுந்துவக்கெண்டு ஒண்டு இல்லை" என்றார் அம்மா. பிறகு அண்ணாவைப் பார்த்து, "கீழை வை. இதுக்கோ உன்னைக் காவிக்கொண்டு வந்தனான்?"

அண்ணா வைத்தான். மூவரும் நேரே வீட்டுக்கு நடந்தோம். கடைக்குப் புறப்பட்டதே மறந்துபோயிற்று.

வீட்டில் அண்ணாவுக்குக் கோபம் வெடித்தது. இங்கே எல்லோரும் சுடுகிறார்கள், மானைத்தான் சுடுகிறார்கள், என்னை ஊர் முழுக்கப் பார்த்துச் சிரிக்க வைத்துவிட்டீர்கள் என்று டேனிஷிலும் தமிழிலும் கொட்டினான். அப்பா அவன் பக்கம்தான் சாய்ந்தார். "என்னோடை வேலை செய்யிறவங்களும் வேட்டைக்குப் போறவங்கள்தான். நல்ல மனுசர். இஞ்சை ஆளை ஆள் சுடுறேல்லை." அம்மா அண்ணாவின் கையை எடுத்துத் தன் உச்சந்தலையில் வைத்துக்கொண்டு, "துவக்கைத் தொடமாட்டன் எண்டு சத்தியம் பண்ணு" என்றார். அவன் கையை இழுத்துப் பார்த்தான். அம்மா விடவில்லை. கடைசியில் பண்ணினான், அழுதுகொண்டு.

அவன் அதைக் காப்பாற்றினான் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். கோடையில் ஊருக்கு வரும் களியாட்டத்தில் பொம்மை வெல்லச் சுடும் காற்றுத் துவக்கைக்கூடத் தொடமாட்டான். கையைப் பொக்கற்றுக்குள் விட்டுக்கொண்டு நிற்பான். மிக்கெல் தகப்பனோடு காட்டுக்குப் போகத் தொடங்கிய பிறகு அந்தக் கூட்டும் மெல்ல விட்டுப்போனது. அம்மா முதியோர் இல்லத்தில் வேலை எடுத்தார், டேனிஷ் பேசப் பழகினார், வரிசைகளைக் கண்டால் கடந்து போகவும் பழகினார். கட்டிலுக்குக் கீழிருந்த பெட்டியின் மெழுகுதிரிகள், வராத இருட்டுக்குக் காத்திருந்து அலுத்து, எங்கள் பிறந்தநாள் கேக்குகளில் ஒவ்வொன்றாக எரிந்து முடிந்தன. ஒருநாள் அந்தப் பெட்டியை அம்மாவே மடித்துக் குப்பையில் போட்டார். அதைவிடப் பெரிய சந்தோசம் எங்கள் வீட்டில் நடந்ததாக எனக்கு ஞாபகமில்லை.

இப்போது நான் விபோர்க் நகரில் இருக்கிறேன். அப்பா இல்லை. அம்மா பிராண்டேயில் அண்ணா வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறார். போன இலையுதிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை அவரைக் கடைக்குக் கூட்டிப்போனேன். ஐரோப்பாவுக்குள்ளேயே சண்டை வந்து, வீட்டில் தண்ணீரும் மெழுகுதிரியும் பற்றறியும் சேர்த்து வையுங்கள் என்று அரசாங்கமே சொல்லும் காலம் இது. அம்மாவின் வாழைப்பழப் பெட்டி இன்று ஊருக்கே புத்திமதி. அதே விளையாட்டு மண்டபத்தைக் கடக்கும்போது பார்த்தேன்: சைக்கிள் கொட்டகையைத் தாண்டி, வீதிவரைக்கும் வரிசை.

"காரை நிப்பாட்டு பிள்ளை" என்றார் அம்மா.

அவர் பார்த்ததை நானும் பார்த்தேன். வரிசையின் நடுவில் அண்ணா நின்றான். பக்கத்தில் அவனுடைய மகன் ஆரன், அண்ணாவைவிட உயரமாக. அம்மா பொல்லை ஊன்றி இறங்கி, தூறலில் நடந்து போய், முன்பின் தெரியாத ஒருவரைக் கேட்பதுபோலத் தன் மகனைக் கேட்டார்.

"என்ன குடுக்கினம்?"

ஆரன்தான் அப்பம்மாவைக் கண்ட சந்தோசத்தில் டேனிஷில் சொன்னான்: வேட்டைப் பரீட்சை பாஸ் பண்ணிவிட்டேன், அட்டை கிடைத்துவிட்டது, தோட்டாவுக்குத்தான் நிற்கிறோம், ஆளுக்கு இரண்டு பெட்டிதானாம், அடுத்த மாதம் விலை இன்னும் ஏறுமாம். சங்கக்கடை வாசலில் கேட்ட அதே பேச்சு, சொல்லுக்குச் சொல், எங்கள் வீட்டுப் பிள்ளையின் வாயில், வேறொரு மொழியில். இந்த முறை மொழிபெயர்க்க என்னை யாரும் கேட்கவில்லை. அம்மாவுக்கு எல்லாம் விளங்கியது.

"நான் தொடேல்லை அம்மா" என்றான் அண்ணா, அன்றைக்குத் துவக்கைக் கீழே வைத்த அதே பெடியனின் குரலில். "இண்டைக்கு வரைக்கும் தொடேல்லை. இவன் ஆசைப்படுறான். இவன்ரை கூட்டாளியள் எல்லாரும் போறாங்கள். நான் என்ன செய்யிறது?"

அம்மா பேரனின் ஈரத் தலையைத் தன் சால்வை நுனியால் துடைத்துவிட்டார். எந்தக் குழலுக்கு முன்னாலும் போய் நிற்கும் பலம் அந்த உடம்பில் இல்லை என்பதை நான் கண்டேன். அந்த அம்மா இப்போது இல்லை. அதைவிட, அன்றைக்கு எங்களுக்கு இருந்த ஒன்று, இதை விட்டால் தப்பி ஓட உலகத்தில் இன்னொரு இடம் இருக்கிறது என்ற நம்பிக்கை, அதுவும் எப்போது போனதென்று தெரியாமல் போய்விட்டிருந்தது.

"உன்னை இஞ்சை காவிக்கொண்டு வந்தனான், தம்பி" என்றார் அம்மா அண்ணாவிடம், மிக மெதுவாக. "இவனை எங்கை காவிக்கொண்டு போறது?"

வரிசை ஓரடி நகர்ந்தது. ஆரன் நகர்ந்தான். அண்ணா நின்ற இடத்திலேயே நின்றான்.