கடைசிப் பெட்டியில் ஏறிய காற்று

இது நடந்தது. நம்பாதவர்கள் பிரிக்பீல்ட்ஸ் வந்து கிஃபாயத்துல்லாவையே கேட்கலாம். சாயம் போகுமா என்று கேட்டால் "போகும்" என்று சொல்லி, வந்த வியாபாரத்தைக் கெடுத்துக்கொள்கிற ஜவுளிக்காரர் அவர். கதை ஜோடிக்கும் சாமர்த்தியமெல்லாம் அவருக்குக் கிடையாது.

அவருடைய ஒரே மகன் சஃப்வான், மேரு சாலையில் லோரி மோதி இறந்துபோனான். பத்தொன்பது வயது. கடைக்கு மேலே அவன் அறையில் ஒரு கணினியும், மேசையில் திருகி மாட்டிய பிரேக் கைப்பிடியும் அப்படியே இருந்தன. ரயில் ஓட்டும் விளையாட்டு என்றால் அவனுக்கு உயிர். "ரயிலுக்குப் பின்னால, கடைசிப் பெட்டியில கார்டு சீட் ஒண்ணு இருக்கு வாப்பா, சும்மா வந்து உட்காருங்க" என்று எத்தனையோ முறை கூப்பிட்டான். "கடை இருக்குடா" என்று சொல்லியே இவர் காலத்தை ஓட்டிவிட்டார்.

அவன் பாதியில் நிறுத்திவிட்டுப் போன சரக்கு ரயில் ஒன்று திரையில் நின்றது. கிள்ளானுக்குப் போக வேண்டிய ரயில். அதைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட வேண்டும் என்று இவருக்குப் பிடிவாதம். மகனுக்காகச் செய்ய வேறு எதுவும் மிச்சமில்லை. ஆனால் ஒரே வாய்ப்புதான். மோதினால் அந்த ஓட்டமே அழிந்துவிடும்படி வைத்திருந்தான் பையன்.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்மா தொழுகை முடிந்ததும் மாடி ஏறினார். வெளியே மழை பிடித்துக்கொண்டது. மகனின் கூட்டாளி ரிஷி போனில் வழி சொன்னான்.

"இது வேன் பிரேக் இல்ல அங்கிள். குழாய்ல காத்து நிறைஞ்சிருந்தா ரயில் ஓடும். குறைச்சா பிரேக் பிடிக்கும். ஒரே தடவை இழுத்து அப்படியே வச்சிருங்க. விட்டு விட்டு இழுக்காதீங்க லா."

"இழுத்தா?"

"பிரேக்கை அழுத்துறது ஒவ்வொரு பெட்டித் தொட்டியிலயும் சேர்ந்திருக்கிற காத்துதான். அது தீர்ந்துடும். கைப்பிடியை முன்னால தள்ளி வச்சாத்தான் மறுபடி ஏறும், அதுக்கு நேரமாகும். அதுக்குள்ள இழுத்தா பிடிக்காது."

ரயில் நகர்ந்தது. எல்லாம் நல்லபடியாகத்தான் போனது. கிள்ளானுக்கு முன்னால் சஃப்வான் வேண்டுமென்றே ஓர் இறக்கம் வைத்திருந்தான். அங்கே வந்தபோது இடி இடித்தது. போன் இணைப்பு அறுந்துபோனது.

வேகம் ஏறியது. கைப்பிடியை இழுத்தார். புஸ்ஸ்... ரயில் தளர்ந்தது. உடனே விட்டார். மறுபடி இழுத்தார், விட்டார். மழைச் சாலையில் துணி ஏற்றிய வேனை முப்பது வருடமாக அவர் அப்படித்தான் நிறுத்துகிறார். பழகிய கை சொன்னால் கேட்குமா?

மூன்றாவது முறை இழுத்தார். பிரேக் பிடிக்கவில்லை.

கைப்பிடியைப் பழையபடி முன்னால் தள்ளினார். அதற்கு மேல் கை ஓடவில்லை. ரயில் பாய்ந்துகொண்டே இருந்தது.

தூரத்தில் கிள்ளான் பலகை. அதற்கப்பால் தண்டவாளம் முடிகிற தடுப்பு.

"யா அல்லாஹ்... இதையும் தொலைச்சிட்டேனே..."

புஸ்ஸ்...

அவர் எதையும் தொடவில்லை.

காற்றழுத்த முள் தானாகச் சரிந்தது. நான்கு... மூன்று...

சக்கரங்கள் கிறீச்சிட்டன.

பூஜ்யம்.

ரயில் நின்றது. தடுப்புக்கு ஒரு முழம் முன்னால். மனிதர் மேசையில் தலை கவிழ்த்துக் குலுங்கிக் குலுங்கி அழுதார்.

மழை விட்டதும் ரிஷி கூப்பிட்டான். இவர் நடந்ததைச் சொன்னார்.

"அங்கிள்... முன்னால தொடாம காத்து இறங்குச்சுன்னா, கடைசிப் பெட்டியில கார்டு சீட்ல இருந்தவங்க வால்வைத் திறந்திருக்கணும். அதுவும் உடனே இல்ல. பெட்டியில காத்து ஏறுற வரைக்கும் பொறுத்துத் திறந்திருக்காங்க."

"உன் வீட்டுக் கம்ப்யூட்டர்லேர்ந்து நீயா தம்பி?"

"நான் எப்படி அங்கிள் வர முடியும்? அந்த ரயில்ல ரெண்டே சீட். டிரைவர் சீட் அவன் பேர்ல, அதுலதான் நீங்க உட்கார்ந்தீங்க. கார்டு சீட்டை உங்க பேர்ல போட்டு வச்சிருந்தான். வேற யாரும் உள்ளேயே நுழைய முடியாது."

கிஃபாயத்துல்லா நாற்காலியைத் திரைக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அந்தப் பின் சீட்ல எப்படி உட்காருறது? சொல்லிக் குடு."

"அதுல தனியா உட்கார்ந்து என்ன செய்யப் போறீங்க? முன்னால ஒருத்தர் இருந்து காத்து விட்டாத்தான் பின்னால முள் ஏறும். இல்லன்னா பூஜ்யத்துலயே கிடக்கும்."

"கிடக்கட்டும்."

இப்போது வெள்ளி தவறாமல் கடையை மூடிவிட்டு மாடிக்குப் போகிறார். கார்டு சீட்டில், தன் பெயரில் உட்காருகிறார். டிரைவர் சீட் காலி.

முள் கொஞ்ச நேரம் அசையாமல் கிடக்கும்.

பிறகு... ஸ்ஸ்ஸ்...

ஒன்று... இரண்டு... மூன்று...

காற்று நிறைந்து ஐந்தில் வந்து நிற்கும். கிஃபாயத்துல்லா கண்ணைத் துடைத்துக்கொண்டு, காலி இடத்தைப் பார்த்துச் சொல்வார்:

"காத்து வந்துருச்சு மவனே. வண்டிய எடு."